மேல் போல்ட்

போலீஸ் ஸ்டேஷன் டீயைப் பற்றி வெளியே ரொம்பத் தப்பாகப் பேசுகிறார்கள். இஞ்சி தட்டிப் போட்டு, அளவாகச் சர்க்கரை போட்டு, நன்றாகவே இருக்கிறது. இன்ஸ்பெக்டர் ஜெயபிரியா மேடம் எனக்கு இரண்டாவது கிளாஸும் சொல்லிவிட்டு, "நிதானமா, மொதல்ல இருந்து சொல்லுங்க சார்" என்றார். நிதானமாகச் சொல்வதில் எனக்குக் கஷ்டமே கிடையாது. தனியார் ஐடிஐ ஒன்றில் ஃபிட்டர் பிரிவுப் பையன்களுக்கு வருடக்கணக்காகப் பாடம் நடத்துகிறவன் நான்.

என் பெயர் சுடலைராஜ். ஊர் தென்காசி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை, பெண் பார்த்துக்கொண்டே இருந்ததில் வயசு போய்விட்டது. உடன்பிறந்தவள் ஒருத்திதான், உமாராணி. அப்பாவும் அம்மாவும் போன பிறகு அவளுக்குப் பிறந்த வீடு என்றால் அது நான்தான். பொங்கல்படி, தீபாவளிச் சேலை, எதிலும் நான் குறை வைத்தது கிடையாது. சேலை எப்போதும் ஒரே ஜவுளிக்கடையில்தான் எடுப்பேன். சந்தன நிறம் என்றால் அவளுக்கு உயிர்.

அவள் கணவர் மாரிராஜ் செத்துப்போனது எப்படி என்பதுதான் மேடம் கேட்கிற கேள்வி. அதற்குப் பதில் சொல்வதற்கு முன்னால் சைக்கிள் ஸ்டெம் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அது தெரியாமல் எதைச் சொன்னாலும் குழப்பம்தான் மிஞ்சும்.

ஸ்டெம் என்றால் சைக்கிளின் கழுத்து. கையால் பிடிக்கிற ஹேண்டில் பாரையும், முன்சக்கரத்தைத் தாங்குகிற ஃபோர்க்கையும் சேர்த்து வைப்பது அதுதான். நாம் ஹேண்டிலைத் திருப்பினால் சக்கரமும் திரும்பும் என்று நம்பித்தானே ஏறி உட்காருகிறோம், அந்த நம்பிக்கை முழுக்க ஸ்டெம்மின் மேல் வைக்கிற நம்பிக்கை. சைக்கிள் வாங்கப் போகிறவர்கள் கியரைப் பார்ப்பார்கள், டயரை அமுக்கிப் பார்ப்பார்கள், பெயிண்டைச் சுரண்டிக்கூடப் பார்ப்பார்கள். கழுத்தை ஒருவரும் பார்ப்பதில்லை.

பழைய முறையில், ஸ்டெம்மின் தண்டு ஃபோர்க் குழாய்க்கு உள்ளே இறங்கும். தண்டின் அடியில் ஓர் ஆப்பு, உச்சியில் ஒரே ஒரு போல்ட். போல்ட்டை முறுக்கினால் ஆப்பு மேலே ஏறிக் குழாயின் சுவரை நெருக்கிப் பிடித்துக்கொள்ளும். ஹேண்டிலை உயர்த்த வேண்டும் என்றால் போல்ட்டைத் தளர்த்தி, சுத்தியலால் அதன் தலையில் ஒரு தட்டு தட்ட வேண்டும். ஆப்பு விடும், வேண்டிய உயரத்துக்கு ஏற்றிக்கொள்ளலாம். இதில் எனக்குப் பிடித்த விஷயம், போல்ட்டை மட்டும் தளர்த்தினால் இந்த ஸ்டெம் அசைந்து கொடுக்காது. தட்டித்தான் ஆக வேண்டும். தட்டினால் தெருவுக்கே கேட்கும்.

புதிய முறையில் எல்லாம் தலைகீழ். ஃபோர்க் குழாய் மேலே நீண்டு வரும், ஸ்டெம் அதை வெளியே இருந்து கட்டிப்பிடிக்கும். பிடிப்பது பக்கவாட்டில் இருக்கிற இரண்டு சின்ன போல்ட்டுகள். எடை குறைவு, உறுதி அதிகம். உள்ளே துருப்பிடித்து ஒட்டிக்கொள்கிற தொல்லை கிடையாது, சாரல் பெய்கிற நம் ஊருக்கு அது பெரிய வசதி. நான் புதியதற்கு எதிரி இல்லை, நியாயத்தைச் சொல்ல வேண்டும். ஆனால் குழாயை ஒருமுறை வெட்டிவிட்டால் அப்புறம் ஹேண்டிலை நினைத்தபடி உயர்த்த முடியாது. வெட்டிய குழாய் வளராது.

இன்னொன்றும் இருக்கிறது. புதிய ஸ்டெம்மின் உச்சியிலும் ஒரு மூடி, அதன் நட்டநடுவில் ஒரு போல்ட். பழைய சைக்கிளில் பிடிக்கிற போல்ட் எங்கே இருந்ததோ, சரியாக அதே இடத்தில். பார்த்தால் இதுதான் எல்லாவற்றையும் பிடித்து வைத்திருக்கிறது என்று தோன்றும். உண்மையில் கழுத்துக்குள் இருக்கிற பேரிங்கின் ஆட்டத்தை எடுப்பது மட்டும்தான் அதன் வேலை. ஸ்டெம் திரும்பாமல் பிடிப்பது பக்க போல்ட்டுகள். பழைய சைக்கிளில் பழகிய கை, புதிய சைக்கிளிலும் மேல் போல்ட்டை முறுக்கிவிட்டு நிம்மதியாகப் போகும். முறுக்கியதும் ஆட்டமும் நின்றுவிடும், அதுதான் வேடிக்கை.

இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் என்று மேடத்திடம் சொன்னேன். தலையாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் குழுவை ஆரம்பித்தது நான்தான். விடிந்ததும் தென்காசியில் கிளம்பி, இலஞ்சி வழியாகக் குற்றாலம், அங்கிருந்து மேடு ஏறி ஐந்தருவி. எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்களிடம் உடம்பைக் கொடுத்துவிட்டு, அருவியில் நின்று குளித்து, சூடாக பஜ்ஜி தின்று, வரும்போது இறக்கத்தில் பெடல் மிதிக்காமல் சும்மா உட்கார்ந்து வருவோம். முன்னால் போகிறவர்தான் வேகத்தை முடிவு செய்வார், டீக்கு எந்தக் கடையில் நிற்பது என்பதையும் அவரே முடிவு செய்வார். முன்னால் போனது எப்போதும் நான். கிளம்புவதற்கு முன் ஒரு வழக்கமும் உண்டு. ஒவ்வொரு சைக்கிளுக்கும் எதிரே நின்று, முன்சக்கரத்தை என் இரண்டு முட்டிகளுக்கு நடுவில் இறுக்கிக்கொண்டு, ஹேண்டிலை வலுவாகத் திருப்பிப் பார்ப்பேன். கழுத்து தளர்ந்திருந்தால் சக்கரம் நிற்க ஹேண்டில் மட்டும் திரும்பிவிடும். குழுவில் இதற்கு முட்டி டெஸ்ட் என்று பெயர். கேலி செய்வார்கள், ஆனால் கேலி செய்கிறவனும் வரிசையில் வந்து நிற்பான்.

மாரிராஜ் பட்டாளத்தில் இருந்தார். வருடத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். அப்போதெல்லாம் எனக்கு அவரை அவ்வளவு பிடிக்கும். விருந்தாளியாக அவரைப் போல ஒரு நல்ல மனிதரை நான் பார்த்ததில்லை. சிரிக்கச் சிரிக்கப் பேசுவார், எனக்கென்று ரம் கொண்டுவருவார், திரும்பிப் போகிற அன்று ரயிலடியில் கண் கலங்குவார். கலங்கிவிட்டு ரயில் ஏறிவிடுவார்.

அவர் இல்லாத காலத்தில் உமாராணி வீட்டில் ஃபியூஸ் போனால் நான், மோட்டார் ஓடவில்லை என்றால் நான், அவர்கள் மகள் ஸ்வாதியைக் கல்லூரியில் சேர்த்ததும் நான். ஞாயிற்றுக்கிழமை மதியம் எனக்குக் கறிக்குழம்பு அங்கேதான். டிவிக்கு எதிரே ஒரு பிரம்பு நாற்காலி உண்டு. குளித்துவிட்டு வந்த களைப்பில் அதில் சாய்ந்தால், உமாராணி தட்டைக் கையில் கொண்டுவந்து கொடுப்பாள். நல்லி எலும்பு என் தட்டில்தான் விழும்.

போன வருடம் மாரிராஜ் ஓய்வுபெற்று வந்தார். இந்தத் தடவை ரயில் ஏறவில்லை.

இதில் எனக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது. அவர் வீடு, அவர் நாற்காலி. அவர் நாற்காலியில் உட்கார்ந்தார், நான் சோபாவில் உட்கார்ந்தேன். சோபாவும் நல்ல சோபாதான். நல்லி எலும்பை யார் தட்டில் வைப்பது என்று உமாராணி கொஞ்ச நாள் கரண்டியும் கையுமாகத் திண்டாடினாள், பிறகு பழகிக்கொண்டாள். மேடம் இதைப் பற்றித்தான் துருவித் துருவிக் கேட்கிறார், அதனால் சொல்கிறேன். நடந்ததற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. நடந்தது முழுக்க ஸ்டெம் சம்பந்தப்பட்டது.

ஊருக்கு வந்த சூட்டோடு அவர் புதுமாதிரி சைக்கிள் ஒன்றை வாங்கினார். முதல் ஞாயிறு அதில் வந்து இறங்கி, என் சைக்கிளைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தார்.

"மச்சான், இன்னுமா இந்த ஆப்பு வச்ச சைக்கிள ஓட்டுதிய? மியூசியத்துல கேட்டாகன்னா குடுத்துருங்க."

"மியூசியத்துல உள்ளது நின்னுக்கிட்டுல்லா இருக்கும் மாப்ள. இது ஓடுது."

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். இலஞ்சி தாண்டியதும் அவர் என்னைத் தாண்டினார். முன்னால் போகிறவரைத் தாண்டக் கூடாது என்று யாரும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. ஆனால் அதுவரை யாரும் தாண்டியதும் இல்லை. அன்றைக்கு டீக்கு எங்கே நிற்பது என்று அவர்தான் முடிவு செய்தார். டீயில் சர்க்கரை அதிகம்.

பிறகு ஒவ்வொருவராகப் புதுமாதிரிக்கு மாறினார்கள். ஐந்தருவியில் எண்ணெய் காய்கிற நேரத்தில் ஸ்டெம்மைப் பற்றி மாரிராஜ் பாடம் எடுப்பார், எல்லோரும் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். அவர் சொல்வதில் பாதி சரி, மீதி யூடியூப். பழைய ஸ்டெம்மின் அருமையைச் சொல்ல நான் வாயைத் திறந்தால், "மச்சான் ஆரம்பிச்சுட்டாகடே" என்று யாராவது அருவிக்குக் கிளம்பிவிடுவார்கள். எனக்கு அது வலித்தது. வலிக்கவில்லை என்று சொன்னால் பொய்.

வாயால் சொல்லிப் புரியாததைச் செய்முறையில் காட்டிவிடலாம் என்று நினைத்தேன். ஐடிஐ-யில் நாங்கள் அப்படித்தான் செய்வோம். குழுவில் அல்தாப் என்று ஒருவன், கடையநல்லூர்க்காரன், துபாயில் இருந்து திரும்பி வந்து செல்போன் கடை வைத்திருக்கிறான். தங்கமான ஆள். சாரல் தொடங்கிய புதிதில் ஒரு ஞாயிறு, அவன் சைக்கிளுக்கு முட்டி டெஸ்ட் பார்த்தேன். "சீட்டு ஒசரம் சரியா இருக்காலே?" என்று கேட்டேன். அவன் திரும்பிச் சீட்டைப் பார்த்து முடிப்பதற்குள் பக்க போல்ட்டுகள் இரண்டையும் சின்ன ஆலன் கீயால், போல்ட் தலைக்குள் நுழைத்துத் திருப்புகிற ஆறுபட்டைக் கம்பியால், கொஞ்சம் தளர்த்திவிட்டேன். பழைய ஸ்டெம்மில் இது நடக்காது. சுத்தியல் வேண்டும், சத்தம் கேட்கும். இரண்டு முறைகளுக்கும் உள்ள வித்தியாசங்களைப் பற்றி நான் நிறையப் படித்திருக்கிறேன். இந்த ஒரு வித்தியாசத்தை யாரும் எழுதவில்லை, நானே கண்டுபிடித்தது.

இலஞ்சி வயல்பக்கம் ஒரு நாய் குறுக்கே வந்தது. அல்தாப் ஹேண்டிலைத் திருப்பினான். ஹேண்டில் திரும்பியது, சக்கரம் நேராகப் போய் வயலுக்குள் இறங்கியது. நாற்று நட்ட சேற்றில் குப்புற விழுந்தவனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. முகமெல்லாம் சேற்றோடு எழுந்து நின்று, முதலில் சிரித்தவனே அவன்தான்.

இப்போது விளக்கலாம் என்று நான் தொண்டையைச் செருமினேன். அதற்குள் மாரிராஜ் வயலில் இறங்கிச் சைக்கிளைத் தூக்கி வந்துவிட்டார். ஹேண்டிலைச் சக்கரத்துக்கு நேராக இழுத்து வைத்து, இடுப்புப் பையில் இருந்து தன் ஆலன் கீயை எடுத்து, மேல் போல்ட்டை முறுக்கினார்.

"இங்கன பாருங்க. மேல் போல்ட் லூசு. இத ஒழுங்கா முறுக்கலைன்னா எந்த ஸ்டெம்மும் திரும்பத்தான் செய்யும். ஸ்டெம்ம குத்தம் சொல்லப்பிடாது."

எல்லோரும் தலையாட்டினார்கள். அல்தாப் மட்டும் என்னைப் பார்த்தான். "அப்படியா அண்ணாச்சி?"

ஒரே வாக்கியத்தில் திருத்தியிருக்கலாம். "மாப்பிள்ளை சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றேன். டீக்கடையில் நின்றபோது அல்தாப்பின் பக்க போல்ட்டுகளை யாரும் பார்க்காமல் நானே இறுக்கிவிட்டேன். பிள்ளைகுட்டிக்காரன், பத்திரமாக வீடு போய்ச் சேர வேண்டாமா.

அன்று முழுக்க எனக்கு ஒரே உற்சாகம். இத்தனை நாள் ஸ்டெம் பாடம் எடுத்த மனிதருக்கு எந்த போல்ட் பிடிக்கிறது என்றே தெரியவில்லை. கறிக்குழம்பு இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். "இன்னைக்கு என்னண்ணே, ஒரே சிரிப்பா இருக்கிய?" என்று உமாராணி கேட்டாள்.

அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகளில் வெயில் அடித்தது. நான் அவசரப்படவில்லை. நல்ல சாரல் விழுகிற ஞாயிறுக்குக் காத்திருந்தேன்.

அது வந்தது. காலையில் தென்காசியில் வழக்கம்போல முட்டி டெஸ்ட் பார்த்தேன், எல்லாச் சைக்கிளும் கச்சிதம். ஐந்தருவி போய்ச் சேர்ந்ததும், எனக்கு ஜலதோஷம், குளிக்கவில்லை, பைகளையும் சைக்கிள்களையும் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அவர்கள் எண்ணெய் தேய்த்துக்கொள்ளப் போனார்கள். மாரிராஜின் பக்க போல்ட்டுகளைத் தளர்த்தினேன். அல்தாப்புக்குச் செய்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாக. காரணம், மாரிராஜ் எப்படியும் மேல் போல்ட்டை முறுக்குவார். அது கொஞ்ச தூரம் தாக்குப்பிடிக்கும், நேர்ச்சாலையில் ஒன்றும் தெரியாது. இறக்கத்தில் அவர் பலமாகத் திருப்புகிறபோதுதான் விடும். இதையெல்லாம் கணக்கில் எடுத்துக்கொள்ளாவிட்டால் நான் என்ன ஃபிட்டர்.

குளித்துவிட்டு முகமெல்லாம் மினுமினுக்க வந்தார். கையில் இலையில் மடித்த பஜ்ஜி.

"ஒங்களுக்குத்தான் மச்சான். சூடா இருக்கு, ஜலதோசத்துக்கு நல்லது. தனியா ஒக்காந்திருப்பியளேன்னு ஓடியாந்தேன்."

வாழைக்காய் பஜ்ஜி. எனக்கு வாழைக்காய்தான் பிடிக்கும் என்பது அவருக்குத் தெரியும். சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவர் சைக்கிளைத் தள்ளிப் பார்த்தார்.

"கழுத்து லேசா ஆடுத மாதிரி இருக்கே மச்சான்."

நான் வாயில் பஜ்ஜியோடு ஏதோ முனகினேன். அவரே ஆலன் கீயை எடுத்து மேல் போல்ட்டை முறுக்கினார். ஆட்டம் நின்றது. "பாத்தியளா, அம்புட்டுத்தான்" என்றார்.

அல்தாப்புக்கு மட்டும் திருப்தி இல்லை. சேற்றில் விழுந்தவன் அல்லவா. "அண்ணாச்சி, எறக்கத்துக்கு முன்னால ஒருக்க முட்டி டெஸ்ட் பாத்துருவமா?"

"மிலிட்டரிக்காரரு கை வச்சதுக்கு மேல நான் என்னத்தலே பாக்க?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். மாரிராஜ் குதிகாலைச் சேர்த்து எனக்கு ஒரு சல்யூட் அடித்தார்.

பிறகு அவர் ஒன்று சொன்னார். அதை நான் எதிர்பார்க்கவில்லை. "மச்சான், இன்னைக்கு நீங்க முன்னால போங்க. ஒங்க குழுவுல்லா. நான் பின்னால வாரேன்."

கையில் பாதி பஜ்ஜி இருந்தது. கொஞ்ச நேரம் யோசித்தேன். சின்ன ஆலன் கீ என் சட்டைப் பையில்தான் இருந்தது. ஆனால் போல்ட்டை இறுக்கினால், அது ஏன் தளர்ந்தது, மேல் போல்ட் போதாதா என்ற பேச்சு வரும். அத்தனை பேருக்கு முன்னால் அவருக்குச் சங்கடமாகிவிடும். தங்கை புருஷனை நாலு பேர் மத்தியில் தலைகுனிய வைக்கிறவன் இல்லை நான். பஜ்ஜியைத் தின்று முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் கிளம்பினேன்.

ரொம்ப நாளைக்குப் பிறகு எனக்கு முன்னால் யாரும் இல்லை. ரோடு நனைந்து பளபளவென்று கிடந்தது, மரமெல்லாம் சொட்டிக்கொண்டிருந்தது, முகத்தில் சாரல். அந்தச் சந்தோஷத்தை என்னால் மறக்க முடியாது. ஒரு டூரிஸ்ட் வேன் எதிரே மேடு ஏறி வந்து என்னைக் கடந்து போனது. பின்னால் வளைவில் பிரேக் சத்தம் கேட்டது. அப்புறம் அல்தாப் கத்தினான். இறக்கத்தில் போகும்போது திரும்பிப் பார்க்கக் கூடாது என்று குழுவுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். அதனால் உடனே திரும்பிப் பார்க்கவில்லை. தட்டையான இடம் வந்ததும் நிறுத்தினேன்.

வேனுக்கு ஒதுங்கத்தான் மாரிராஜ் திருப்பியிருக்கிறார். ஹேண்டில் திரும்பியது. சக்கரம் நேராகப் பாலத்துச் சுவரில் போய் மோதியது, அவர் சுவரைத் தாண்டி ஓடைப் பாறையில் கிடந்தார். நான் போனபோது அல்தாப் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தான். எனக்கும் அழுகை வந்தது. அது நிஜமான அழுகை, யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

மழை, இறக்கம், எதிரே வேன். விபத்து என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள், அப்படியே விட்டிருந்தால் இன்று நான் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டேன். மாரிராஜின் சைக்கிளைத் திரும்ப வாங்கிப் போக வந்தேன். கையெழுத்து வாங்கிய ஏட்டு, "மேல் போல்ட் லூசா இருந்திருக்கும் சார், அதான் திரும்பிட்டு" என்றார். அவர் ஒரு பேச்சுக்குத்தான் சொன்னார். என்னால் பொறுக்க முடியவில்லை. மறுபடியும் மேல் போல்ட். உட்கார்ந்து, பழைய ஸ்டெம், புதிய ஸ்டெம், எது எதைப் பிடிக்கிறது, எது பிடிக்கிற மாதிரி நடிக்கிறது என்று முழுதாக விளக்கினேன். சத்தம் கேட்டு மேடம் வெளியே வந்தார். அவரும் குனிந்து பார்த்தார். மேல் போல்ட் இறுகிக் கிடக்கிறது, பக்க போல்ட் இரண்டும் தளர்ந்திருக்கிறது. சைக்கிளோடு ஸ்டேஷனில் எடுத்து வைத்திருந்த மாரிராஜின் இடுப்புப் பையில் இருந்து ஆலன் கீயை எடுத்துப் பக்க போல்ட்டில் வைத்துப் பார்த்தார். சேரவில்லை, பெரிசு.

"அப்ப இதுக்குச் சின்ன கீ வேணுமா சார்?"

"ஆமா மேடம், இந்த அளவு" என்று என் பையில் இருந்து எடுத்துக் கொடுத்தேன். அவர் போட்டுப் பார்த்தார். கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. கீயைத் திருப்பித் தராமல் கையிலேயே வைத்துக்கொண்டார். பிறகு என்னை உள்ளே வந்து உட்காரச் சொல்லி, டீ சொன்னார். எனக்கு ஒரு பக்கம் சந்தோஷமாகக்கூட இருந்தது. ஒரு வருடமாக ஒருவருக்கும் புரியவைக்க முடியாததை இவர் நின்ற இடத்தில் புரிந்துகொண்டார். இப்படி ஓர் ஆள் குழுவில் இருந்திருந்தால் இவ்வளவும் தேவைப்பட்டிருக்காது.

"கொல்லணும்னு நெனச்சியளா?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்கிறார். இல்லை. தளர்த்தியது நான், ஒத்துக்கொள்கிறேன். முட்டியில் ஒரு சிராய்ப்பு, முழங்கையில் ஒரு சிராய்ப்பு, குழுவுக்கு ஒரு பாடம். அதற்கு மேல் சத்தியமாக என் மனதில் எதுவும் இருக்கவில்லை. இப்போது ஞாயிறு மதியங்களில் அந்த நாற்காலியில் உட்காரக்கூட எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. உமாராணிதான் உட்காரச் சொல்கிறாள்.

அவள் என்னைப் பற்றி நல்லபடியாகவே சொல்லியிருக்கிறாள் என்று மேடமே சொன்னார். அன்றைக்கு எல்லாவற்றையும் அண்ணன்தான் ஓடியாடிச் செய்தார் என்றாளாம். அது உண்மை. ஆஸ்பத்திரி, ஆம்புலன்ஸ், பந்தல், எல்லாம் நான்தான். அன்று மாலையே எடுத்துவிட்டோம். கணவன் இறந்தால் மனைவிக்குப் பிறந்த வீட்டில் இருந்து புதுச்சேலை வந்தாக வேண்டும், கோடி என்போம். அது வராமல் சடங்கு நகராது. வெள்ளை எடுக்க எனக்கு மனசு வரவில்லை, இந்தக் காலத்தில் யார் வெள்ளை கட்டுகிறார்கள். சந்தன நிறத்தில், மெல்லிய கரை வைத்து, வழக்கமான கடையில்தான் எடுத்திருந்தேன். பந்தலில் இருந்த பெண்கள்கூட அந்தத் துக்கத்திலும் சேலையைத் தொட்டுப் பார்த்தார்கள்.

"ஞாயித்துக்கெழம அந்தக் கட பூட்டியில்லா கெடக்கும்?" என்று மேடம் கேட்டார்.

பூட்டித்தான் கிடக்கும். கடைசி நேரத்தில் சேலைக்கு அலைய வேண்டாமே என்றுதான் சனிக்கிழமை சாயங்காலமே போய் எடுத்து வைத்துவிட்டேன்.